மைனருக்குச் சாமான் இருக்கிறது, கைதான் இல்லை

போன கிழமை கொழும்பிலிருந்து ஒரு ஆள் எங்கள் வீட்டுக்கு வந்தார். வாப்பாவின் மொரிஸ் மைனரை மூன்று தரம் சுற்றிப் பார்த்தார். பொனட்டைத் திறந்தார், கதவைத் தட்டினார், குனிந்து அடியில் டோர்ச் அடித்தார். பிறகு தேத்தண்ணி குடித்துக்கொண்டே பத்தொன்பது லட்சம் தருவதாகச் சொன்னார். நாங்கள் பேசாமல் இருந்ததைக் கண்டு இன்னொரு வார்த்தையும் சொன்னார்.

"ஹட்டன்ல வெச்சிக்கிட்டு என்ன சேர் செய்யப் போறீங்க? சாமான் கிடைக்காது. இன்னும் ரெண்டு வருஷம் போனா இது கோழிக்கூடுதான்."

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது பள்ளிவாசல் முற்றத்திலும் இதே பேச்சு. விற்றுவிட்டு ஒரு ஜப்பான் கார் எடுங்கள் என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. சாமான் கிடைக்காது, சாமான் கிடைக்காது. இதைச் சொன்னவர்களில் ஒருவராவது கடந்த பத்து வருஷத்தில் மைனருக்கு ஒரு நட்டாவது தேடியிருப்பாரா என்பது சந்தேகம். நாங்கள் தேடியிருக்கிறோம். அதனால் இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வண்டியைப் பற்றி. இது 1959ஆம் ஆண்டு வண்டி, 948 சீசீ, நான்கு கதவு, '1 ஸ்ரீ' இலக்கத் தகடு. (அந்த 'ஸ்ரீ' எழுத்துக்காக 1958இல் இந்த நாடு பட்ட பாடு தனிக் கதை. இன்று அதே எழுத்துள்ள தகட்டுக்குத்தான் சேகரிப்பாளர்கள் கூடுதலாகக் காசு தருகிறார்கள்.) வாப்பா இதை எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு தோட்டத்து டீமேக்கரிடமிருந்து வாங்கினார். ஹட்டன் டவுனில் ஹயர் ஓடினார். பிரசவ வலி கண்ட பெண்களை டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு இறக்கியதும், மரண வீட்டுக்கு ஆட்களை ஏற்றிப் போனதும், கலியாண மாப்பிள்ளையைக் கொண்டு போனதும் இதே வண்டிதான். எங்களை ஆசிரியர்களாக்கியதும் இந்த வண்டி ஓடிய காசு.

மொரிஸ் மைனர் 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளியானது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ், பிற்காலத்தில் மினியைச் செய்தவர். கம்பனி முதலாளி நஃபீல்ட் பிரபுவுக்கு வண்டி பிடிக்கவே இல்லையாம். தண்ணீரில் உடைத்துவிட்டு வேகவைத்த முட்டை மாதிரி இருக்கிறது என்றாராம். அந்த முட்டைதான் பத்து லட்சம் என்ற எண்ணிக்கையைத் தொட்ட முதல் பிரித்தானியக் கார். 1971 வரை மொத்தம் 16 லட்சத்துக்கு மேல் செய்தார்கள்.

எங்களுக்குப் பிடித்த விஷயம் வேறொன்று. எல்லாம் தயாரான கடைசி நேரத்தில், வண்டி ஒடுக்கமாக இருக்கிறது என்று இசிகோனிஸுக்குப் பட்டது. மாதிரி வண்டியை நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் சொல்லி, இரண்டு பாதியையும் விலக்கி விலக்கிப் பார்த்து, நாலு அங்குலத்தில் நிறுத்தினார். பொனட்டின் நடுவில் ஓடும் தட்டைப் பட்டி அந்த நாலு அங்குலம்தான். முன்கூட்டியே செய்து வைத்த பம்பர்களையும் அறுத்து, நடுவில் துண்டு வைத்து ஒட்டிப் பூட்டினார்கள். வெட்டி ஒட்டியே பிறந்த வண்டி இது. ஒரு பாஸ் இதற்கு ஒட்டுப் போடும்போது யாரும் முகத்தைச் சுளிக்கத் தேவையில்லை.

அதே 1948இல்தான் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டமும் வந்தது. கப்பலில் வந்திறங்கிய மைனருக்கு இலக்கம் கொடுத்துப் பதிவு செய்தார்கள். அது ஏறி ஓடிய மலைப்பாதைகளை வெட்டிய சனங்களுக்குப் பதிவு இல்லை என்றார்கள். இதைச் சொல்லாமல் மலையகத்தில் பழைய கார் பற்றிப் பேச எங்களால் முடியவில்லை.

சரி, சாமான் விஷயத்துக்கு வருவோம்.

எஞ்சினுக்குச் சாமான் ஒரு பிரச்சினையே இல்லை. மைனரில் உள்ள ஏ-சீரிஸ் எஞ்சின் 1951இல் ஒஸ்டின் ஏ30 காரோடு வந்தது. அதே குடும்ப எஞ்சின் 2000ஆம் ஆண்டில் கடைசிப் பழைய மினி வெளியேறும் வரை ஓடியது. அரை நூற்றாண்டு ஓடிய எஞ்சினுக்குக் கேஸ்கெட், வால்வு, பிஸ்டன் ரிங் எல்லாம் இன்றும் புதிதாகச் செய்கிறார்கள். பஞ்சிகாவத்தையில் பொறுமையாக ஏறி இறங்கினால் பாதி கிடைக்கும். மீதியை இங்கிலாந்தில் மைனருக்கென்றே இருக்கும் கடைகளில் சொல்லி எடுக்கலாம். எங்கள் மாமி மகன் லெஸ்டரில் இருக்கிறார். வருஷம் ஒரு தரம் வரும்போது துணிகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவருவார்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு கதை இருக்கிறது. இங்கிலாந்தில் பாத் நகரத்தில் சார்ள்ஸ் வெயார் என்பவர் மொரிஸ் மைனர் சென்டர் என்று ஒன்றை நடத்தினார். புதுக் கார் வாங்கினால் அது முதல் நாளே மதிப்பிழக்கத் தொடங்கும், அந்தக் காசைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய காரின் திருத்தத்துக்குப் போட்டால் கார் மதிப்பை இழக்காது, காசும் தொழிலாளியின் கைக்குப் போகும் என்பது அவருடைய கட்சி. 1982இல் இதை விளக்கி ஒரு புத்தகமே எழுதினார். தொண்ணூறுகளில் அவர் ஒரு இலங்கைப் பங்காளியோடு சேர்ந்து இங்கே ஒரு கம்பனி தொடங்கினார். மைனருக்கான தகட்டுப் பாகங்களை நம் நாட்டுத் தொழிலாளிகள் செய்ய, அவை கப்பலேறி இங்கிலாந்துக்குப் போயின. கார் செய்த நாட்டில் அச்சு ஓய்ந்த பிறகு, அந்தக் காருக்கு உடம்பு செய்து கொடுத்தது நாம். "நம்மால் முடியாது, ஒரிஜினல் சாமான் வெளியிலிருந்து வரவேண்டும்" என்று சொல்பவர்கள் இதையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கட்டும்.

ஆக, சாமான் இருக்கிறது. அப்படியென்றால் ஏன் மலையகத்து மைனர்கள் ஒவ்வொன்றாகக் கோழிக்கூடாகின்றன, அல்லது கொழும்புக்கு இறங்குகின்றன?

எங்கள் வண்டியின் குணங்களைச் சொன்னால் காரணம் விளங்கும்.

இதன் பற்றரியில் நேர்முனைதான் உடம்போடு கட்டியிருக்கும். இன்றைய வண்டிகளில் எதிர்முனை. எங்கள் சாச்சா மகன் ஒரு பெருநாளைக்கு ஆசையாக ஒரு ரேடியோ வாங்கி வந்து பூட்டினார். இரண்டு நிமிஷம் நாகூர் ஹனிபா பாடினார். பிறகு புகை.

நட்டுகள் அங்குலக் கணக்கு. இன்றைய கராஜ்களில் இருப்பது மில்லிமீற்றர் ஸ்பானர். பதினாறில் ஒன்பது அங்குல நட்டுக்கு 14 ஏறாது, 15 வழுக்கும். வழுக்கினால் நட்டின் மூலை தேயும். மூலை தேய்ந்த நட்டுக்கு உளியும் சுத்தியலும்தான். எங்கள் வண்டியில் உளிக் காயம் பட்ட நட்டுகளை எண்ணினால் எத்தனை கராஜ் ஏறி இறங்கியிருக்கிறோம் என்று சொல்லிவிடலாம்.

பிரேக் ஒயில் ஊற்றும் மூடி எங்கே இருக்கிறது என்று கேட்டால் பொனட்டைத் திறந்து தேடுவார்கள். அது சாரதியின் காலடியில், விரிப்புக்குக் கீழே. மாஸ்டர் சிலிண்டர் தரைக்கு அடியில், உடற்சட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறது. தெரியாதவர் கையில் வண்டி போனால் அங்கே ஒயில் பார்க்கவே மாட்டார். ஹட்டனிலிருந்து கினிகத்தேனைக்கு இறங்கும் பாதையில் அதன் அர்த்தம் என்னவென்று நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

இனி உயரம். நுவரெலியா 1,868 மீற்றர். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தை விட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு; தண்ணீரே 94 பாகையில் கொதித்துவிடும். கொழும்பில் காபரேற்றரைச் சரிசெய்து கொண்டு மேலே ஏறினால், காற்று குறைந்து பெற்றோல் கூடி, வண்டி கறுப்புப் புகை விட்டு மூச்சு வாங்கும். மைனரின் எஸ்.யூ. காபரேற்றரில் ஜெட்டுக்குக் கீழே ஒரு ஆறுமூலை நட்டு இருக்கிறது. அதை மேல்நோக்கிச் சிறிது ஏற்றினால் பெற்றோல் குறையும். வேலை அவ்வளவுதான். சாமானே தேவையில்லை, காசும் தேவையில்லை. இது தெரியாத ஒரு இடத்தில் எங்களிடம் "எஞ்சின் முடிஞ்சுது சேர், இறக்கணும்" என்று சொல்லி எண்பதாயிரத்துக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள்.

பெற்றோல் பம்பும் அப்படித்தான். மின்சாரப் பம்பு. சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்று அடித்து, பெற்றோல் நிறைந்ததும் நின்றுவிடும். சில நாள் அடிக்கவே அடிக்காது. வாப்பா பொனட்டைத் திறந்து ஸ்குரூ டிரைவர் பிடியால் ஒரு தட்டுத் தட்டுவார், உயிர் வந்துவிடும். நாங்களும் வருஷக்கணக்காகத் தட்டினோம். பார்க்கிறவர்களுக்கு அது ஒரு வேடிக்கை, எங்களுக்கு ஒரு பெருமை. வண்டியின் மனசு எங்களுக்குத் தெரியும் என்ற பெருமை.

அந்தப் பெருமையை உடைத்தவர் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டத்தில் பிற்றராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு அண்ணன். அவர் பெயரை இங்கே போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நாங்கள் தட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "சேர், பள்ளிக்கூடத்துல பிள்ளைக்குக் கணக்கு வரலன்னா தலையில தட்டுவீங்களா?" பம்பின் மூடியைக் கழற்றி, உள்ளே கரிபிடித்திருந்த தொடுமுனைகளை மெல்லிய அரத்தாளால் துடைத்து, இடைவெளியைச் சரிபார்த்துப் பூட்டினார். பதினைந்து நிமிஷம். அதற்குப் பிறகு தட்டியதே இல்லை. எத்தனையோ வருஷமாக நாங்கள் திருத்தம் என்று நினைத்தது திருத்தமே இல்லை.

இங்கே எங்கள் கருத்தைத் திறந்து சொல்கிறோம். சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். "நம்ம ஆட்கள் கம்பியாலும் ரப்பராலும் எதையும் ஓட்டிவிடுவார்கள்" என்று மெச்சுவது ஒரு கெட்ட பழக்கம். ஒப்பேற்றுவது வேறு, திருத்துவது வேறு. ஒப்பேற்றத் தெரிந்தவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். எதை ஒப்பேற்றலாம், எதை ஒப்பேற்றக்கூடாது என்று தெரிந்தவர்கள்தான் குறைந்துகொண்டே போகிறார்கள்.

எங்களுக்கு அது எப்படித் தெரிய வந்தது என்பதையும் எழுதிவிடுகிறோம்.

மைனரின் முன் சக்கரம் நிற்பது ட்ரனியன் என்ற ஒரு சிறு உலோகத் துண்டில். சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் முனையில் மரை வெட்டியிருக்கும். அந்த மரை ட்ரனியனுக்குள் திருகி ஏறியிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் சுழன்று கொடுக்கும். இடப் பக்கத்து மரை ஒரு திசை, வலப் பக்கத்து மரை மறு திசை. கிறீஸ் நிப்பிளில் ஒழுங்காகக் கிறீஸ் அடித்தால் பல வருஷம் கிடக்கும். அடிக்காவிட்டால் மரை தேயும். தேய்ந்த மரை ஒருநாள் பிடியை விடும். விட்டால் சக்கரம் உள்ளே மடிந்து வண்டி முழங்காலில் விழும்.

ஒரு டிசம்பர் விடுமுறையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நுவரெலியாவுக்குப் புறப்பட்டோம். கொட்டகலை தாண்டி, டெவன் நீர்வீழ்ச்சி தெரியும் பக்கம். மழை. முன்னால் ஒரு லொறி நின்றதால் வேகம் குறைத்தோம். அந்த நேரத்தில் இடப் பக்கச் சக்கரம் மடிந்தது. வண்டி சரிந்து, மட்கார்ட் தார்ப் பாதையை உரசி நின்றது. பாதையோரத்துக் கல்லுக்கும் எங்களுக்கும் இடையில் இரண்டு அடி இருந்திருக்கும். கல்லுக்கு அப்பால் பள்ளத்தாக்கு. பின் சீட்டில் நான்கு பிள்ளைகள். அல்ஹம்துலில்லாஹ், ஒருவருக்கும் ஒன்றுமில்லை. பத்து நிமிஷத்துக்கு முன்னால், நல்ல வேகத்தில் வந்த திருப்பத்தில் அது நடந்திருந்தால் இந்தப் பதிவை எழுத யாரும் இருந்திருக்க மாட்டோம்.

உடைந்த ட்ரனியன் பழையது அல்ல. எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு கடையில் 'புதுச் சாமான்' என்று பெட்டியில் போட்டுத் தந்தது. பிற்றர் அண்ணன் அதை அரத்தால் தேய்த்துக் காட்டினார். கறுப்பு மைக்குக் கீழே, தேய்ந்த ஒரு பழைய துண்டு. உள்ளே பித்தளை நிரப்பி, திரும்ப மரை வெட்டியிருந்தார்கள். விற்றவரைத் திட்டினோம். பிறகு அவர் எங்களையும் விடவில்லை. "கிறீஸ் அடிச்சு எத்தன மாசம்?" என்று கேட்டார். நாங்கள் பதில் சொல்லவில்லை.

அவருடைய வீட்டுக் கொட்டிலில் ஒரு லேத் இருக்கிறது. தோட்டத்து ஸ்டோரில் பழசென்று ஏலம் விட்டபோது சேமித்த காசெல்லாம் போட்டு எடுத்தது. எங்கள் வண்டிக்குக் கதவுக் கீல் ஊசி, ஸ்பிரிங் புஷ், தண்ணீர்ப் பம்புத் தண்டு எல்லாம் அந்த லேத்தில் பிறந்தவை. அதனால் ட்ரனியனையும் நீங்களே செய்து தாருங்கள் அண்ணே என்று கேட்டோம். மறுத்துவிட்டார்.

"மரை வெட்டிடலாம் சேர். அது பெருசில்ல. ஆனா இதுக்கான இரும்பு என்ன இரும்புன்னு எனக்குத் தெரியாது, அத எந்தச் சூட்டுல பதப்படுத்துறதுன்னும் தெரியாது. கதவு கழண்டா சிரிப்பாங்க. இது கழண்டா ஆளு போயிரும். இங்கிலாந்துல இருந்து எடுங்க. வரும்வரை வண்டிய கல்லு மேல வைங்க."

மூன்று மாதம் வண்டி கல்லில் நின்றது. லெஸ்டரிலிருந்து இரண்டு பக்கத்துக்கும் வந்தது. அவரே பூட்டினார். பூட்டி முடித்துவிட்டு எங்கள் கையில் ஒரு கொப்பியைத் தந்தார். ஒவ்வொரு தரம் கிறீஸ் அடிக்கும்போதும் திகதி எழுத வேண்டுமாம். பாடசாலையில் பாடக்குறிப்பு எழுதுவதை விட ஒழுங்காக அதை எழுதுகிறோம்.

செய்யத் தெரிந்த ஒருவர் "இதை நான் செய்யமாட்டேன்" என்று சொன்னதைத்தான் நாங்கள் தொழிலறிவு என்கிறோம். அது எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். மலையகத்துத் தேயிலை ஸ்டோர்களில் ஓடியவை வெள்ளைக்காரன் காலத்து யந்திரங்கள். கொழுந்து உருட்டும் ரோலர்கள், பெல்பாஸ்டிலிருந்து வந்த சிரொக்கோ அடுப்புகள். ஒன்று உடைந்தால் கப்பலில் சாமான் வரும்வரை காத்திருக்க முடியாது. கொழுந்து ஒரு நாள் பொறுக்காது. அதனால் பெரிய ஸ்டோர்களில் ஒரு பிற்றரும் ஒரு சின்னப் பட்டறையும் இருந்தன. அந்தப் பிற்றருக்கு லேத் தெரியும், வெல்டிங் தெரியும், பெல்ட் தெரியும். தொரையின் லேண்ட் ரோவரும் தோட்டத்து லொறியும் அவர் கைக்குத்தான் வரும். அறுபதுகளில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்து, 1970இலிருந்து 77 வரை இறக்குமதிக் கதவு ஏறத்தாழ மூடியே கிடந்தபோது, நம் ஊர் மைனர்களையும் ஒஸ்டின்களையும் ஓட வைத்தவர்கள் இந்தக் கைகள்தான். அவர்களைப் பற்றி எந்த நினைவு மலரிலும் நாங்கள் படித்ததில்லை. தொழிற்சங்கத் தலைவர்களின் படம் போடுகிறோம், கவிஞர்களின் படம் போடுகிறோம். பிற்றரின் படத்தை யார் போட்டார்கள்?

77க்குப் பிறகு ஜப்பான் வண்டி வந்தது. பழுதானால் ஒரு பாகத்தை முழுசாகக் கழற்றி, ரீகண்டிஷன் சாமான் ஒன்றை முழுசாகப் பூட்டுவது பழக்கமானது. அது தப்பில்லை, நேரம் மிச்சம். ஆனால் அந்தப் பழக்கத்தில் வளர்ந்த கராஜுக்குப் பம்பைத் திறந்து துடைக்கத் தோன்றாது. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியபோதும், 2022இல் கியூஆர் காட்டி காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று வாங்கியபோதும் நாம் மறுபடி அதே இடத்தில் நின்றோம். எல்லாரும் பழைய வண்டியைத் தூசி தட்டினார்கள். தட்ட வண்டி இருந்தது, திருத்த ஆள் இல்லை. 2025 பெப்ரவரியில் இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள். நாமும் எல்லாவற்றையும் மறந்துவிட்டோம்.

இதில் ஆசிரியர்களான எங்கள் பங்கு என்ன? வெட்கத்தோடு சொல்கிறோம். "படிக்காட்டி கராஜுக்குத்தான் போவாய்" என்று வகுப்பில் சொல்லியிருக்கிறோம். ஒரு தரம் இரண்டு தரம் அல்ல. எங்களுக்கு முன்னால் எங்கள் ஆசிரியர்கள் சொன்னார்கள், நாங்களும் சொன்னோம். ட்ரனியன் சம்பவத்துக்குப் பிறகு அந்த வசனம் வாயில் வருவதில்லை. அந்தக் கல்லுக்கு இந்தப் பக்கம் எங்கள் பிள்ளைகள் நின்றதும், பிறகு பாதுகாப்பாக அந்தப் பாதையில் போனதும் கராஜில் இருந்த ஒருவரால்.

போன வருஷம் நானாவும் நாங்களும் ஒரு காரியம் செய்து பார்த்தோம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேரை, நான்கு பையன்களும் ஒரு பிள்ளையும், சனிக்கிழமைகளில் பிற்றர் அண்ணனின் கொட்டிலுக்குக் கூட்டிப்போனோம். மைனர்தான் பாடப் புத்தகம். உயரம் கூடினால் காற்று ஏன் ஐதாகிறது என்பதைக் காபரேற்றரில் பார்த்தார்கள். விஞ்ஞானத்தில் தேறாத ஒரு பையன், நேர்முனை உடம்பில் கட்டினால் மின்னோட்டம் எப்படிப் போகும் என்று தரையில் சோக்கால் வரைந்து காட்டினான். அந்தப் பெண்பிள்ளைதான் மரையை அளப்பதில் எல்லாரையும் விடக் கெட்டிக்காரி.

நாலாவது கிழமை ஒரு தாய் வீட்டுக்கு வந்தார். கொழுந்து பறிக்கிறவர். வாசலில் நின்றே பேசினார். "சேர், நான் மலையில ஏறி எறங்கி இவன படிக்க வைக்கிறது, ஒயில பூசிக்கிறதுக்கா? லயத்துல இருக்கவன் புள்ள லயத்துலயே இருக்கட்டும்னா?"

எங்களிடம் பதில் இருக்கவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. கராஜில் வேலை பழகும் பிள்ளைக்குச் சம்பளம் இல்லை, தேநீர்க் காசுதான். ஈ.பி.எஃப். இல்லை. பத்து வருஷம் பழகினாலும் கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. இந்த நிலையில் "தொழிலைக் கௌரவிப்போம்" என்று மேடையில் பேசுவது சுலபம், பேசுகிறவரின் பிள்ளை மட்டும் வைத்தியராக வேண்டும்.

அதனால் நாங்கள் சொல்ல வருவது கௌரவத்தைப் பற்றி அல்ல, காகிதத்தைப் பற்றி. முன் அனுபவத்தை மதிப்பிட்டுத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் கொடுக்கும் முறை நம் நாட்டில் இருக்கிறது. தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை அதைச் செய்கிறது. முப்பது நாற்பது வருஷம் ஸ்டோரில் வேலை செய்த பிற்றர்மார் எத்தனை பேர் அதை எடுத்திருக்கிறார்கள்? எங்களுக்குத் தெரிந்த நான்கு பேரில் ஒருவரும் இல்லை. விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். அதை நிரப்பிக் கொடுப்பது ஆசிரியரின் வேலை. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013இல் வந்தது. அந்தப் பிரிவு உள்ள பாடசாலையில் இப்படி ஒருவர் கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் வந்து நின்றால் என்ன குறைந்துவிடும்? சான்றிதழ் இல்லாதவரை உள்ளே விட முடியாது என்பார்கள். அதற்குத்தான் முதலில் காகிதம் என்கிறோம்.

மின்சாரக் கார் வரும் காலத்தில் 1959 மைனரைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்களா என்று எங்கள் பாடசாலையிலேயே ஒரு தம்பி கேட்டார். மின்சாரக் காருக்கும் சக்கரம் இருக்கிறது, பிரேக் இருக்கிறது, கினிகத்தேனை இறக்கமும் இருக்கிறது. மைனரை எல்லாரும் ஓட்ட வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. உண்மையில் இது புகை விடுகிறது, மழைக்கு ஒழுகுகிறது, எதிரே பஸ் வந்தால் மனசு படபடக்கிறது. ஆனால் பிள்ளைக்குத் திறந்து காட்ட இதைவிட நல்ல வண்டி இல்லை. எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது, எல்லாம் கழற்ற வருகிறது.

இப்போது முக்கியமான செய்தி. பிற்றர் அண்ணனுக்குக் கண் மங்கிவிட்டது. இரண்டாவது சத்திரசிகிச்சைக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். மகன் கட்டாரில். கொட்டிலை இடித்து அறை கட்டப் போகிறார்கள். லேத்தைப் பழைய இரும்புக்காரர் வந்து பார்த்து, கிலோ கணக்கில் விலை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

அன்று இரவு நானா ஒரு தாளில் கணக்குப் போட்டார். நிமிர்ந்து பார்த்து, "மைனர வித்துட்டு லேத்த எடுப்பமா?" என்று கேட்டார். உம்மா எழும்பி உள்ளே போய்விட்டார். வாப்பா மௌத்தாகி ஆறு வருஷம். அவர் துடைத்த துணி இன்னும் டாஷ்போட்டுக்குள் இருக்கிறது. அதை வெளியே எடுக்க எங்களுக்கு இன்னும் மனம் வரவில்லை.

இருந்தாலும் நானாவின் கணக்கில் பிழை இல்லை. வண்டி கொழும்புக்குப் போனாலும் யாரோ ஒருவர் கண்ணாடிக் கதவுக்குள் வைத்துக் காப்பாற்றுவார். லேத் உருக்கப் போய்விட்டால் திரும்பி வராது. அவருக்குக் கண் தெரியும் காலத்துக்குள் அந்த ஐந்து பிள்ளைகளுக்கும் அவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க வேண்டும். இரண்டில் ஒன்றுதான் என்றால் லேத்தை வைப்பது என்று முடிவெடுத்திருக்கிறோம். உம்மாவும் நேற்று, "அவர் இருந்தாலும் அதைத்தான் சொல்வார்" என்று சொல்லிவிட்டார்.

கொழும்பு ஆளிடம் தவணை முடியும்வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறோம். அதற்குள் வேறு வழி கிடைத்தால் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். இரும்புக்காரரிடம் முற்பணம் கொடுத்து நிறுத்தியாயிற்று. பழைய லேத், மூன்று பேஸ் மின்சாரம் வேண்டும். டிக்கோயாவிலோ ஹட்டன் டவுனிலோ மூன்று பேஸ் இணைப்புள்ள, சீமெந்துத் தரை போட்ட, பத்துக்குப் பன்னிரண்டு அடி இடம் யாரிடமாவது இருந்தால் உடனே சொல்லுங்கள். வாடகை தருவோம். தொழிற்தகைமை விண்ணப்பம் நிரப்ப வேண்டிய பிற்றர்மார், பாஸ்மார் உங்கள் தோட்டத்தில் இருந்தால் அவர்களையும் சொல்லுங்கள். சனிக்கிழமை லுஹருக்குப் பிறகு நாங்கள் கொட்டிலில்தான் இருப்போம்.